சென்னைக் கல்விச் சங்கம்: தோற்றமும் நடைமுறையும்

தமிழ் உரைநடையின் வளர்ச்சியையும் அச்சு நூல்களின் வரலாற்றையும் ஆராய்வோர் ‘சென்னைக் கல்விச் சங்கம்’ என்னும் பெயரைப் பலகாலும் எதிர்ப்படுவர். சங்கம் என்னும் சொல்லைக் கொண்டு இதனைப் புலவர் கூடிய அவை எனக் கருதுதல் பொருந்தாது. கிழக்கிந்தியக் கும்பினியார் தம் இளம் அலுவலர்க்குத் தென்னாட்டு மொழிகளைக் கற்பித்தற்கென 1812-இல் நிறுவிய பள்ளியே இது. கோட்டைக் கல்லூரி எனவும் இது வழங்கப்பெற்றது. இதன் தோற்றம், அன்றாட நடைமுறை, பயன் ஆகியவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

1799-இல் மைசூர்ப் போர் முடிவுற்றது. 1801-இல் கருநாடக நவாபின் ஆட்சி கும்பினியார் கைப்பட்டது. அதுவரை வணிகத்தையே பெரிதும் கவனித்து வந்தோர் வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் கடமைப்பட்டனர். குடிகளின் மொழியறியாத அதிகாரி துபாசியின் வாய்ச்சொல்லையே நம்ப வேண்டியிருந்தது. ஆகவே, மொழிக்கல்வி ஆட்சியின் தேவையாயிற்று. அறிவு வேட்கையினும் ஆட்சித் தேவையே இப்பள்ளிக்கு முதற்காரணம் என்பதை மறைத்தற்கில்லை.

1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி தோன்றியிருந்தது. ஆயினும், அங்குக் கற்பிக்கப்பெற்ற மொழிகள் தென்னாட்டு மாவட்டங்களின் ஆட்சிக்குப் போதுமானவையல்ல. இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்தவர் எல்லிசு. 1796-இல் கும்பினிப் பணியில் சேர்ந்து, 1810 முதல் சென்னைக் கலெக்டராக விளங்கிய இவரே சென்னைப் பள்ளியின் அமைப்பை வகுத்தவருள் தலையாயவர்.

இரு பள்ளிகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு சிறப்பாகக் கருதத்தக்கது. கல்கத்தாவில் ஐரோப்பியப் பேராசிரியர் விரிவுரை நிகழ்த்தினர். சென்னையிலோ மேற்பார்வைக் குழுவினரே ஐரோப்பியர்; மொழியைக் கற்பித்தோர் இந்நாட்டுப் புலவர். ஒவ்வொரு மொழிக்கும் தலைமை ஆசிரியர் இருந்தனர். அவர்க்குக் கீழ்ப் பிற ஆசிரியர் பணியாற்றினர். தமிழுக்குச் சிதம்பர வாத்தியாரும், வடமொழிக்கும் தெலுங்கிற்கும் பட்டாபிராம சாத்திரியாரும் தலைமை ஏற்றிருந்தனர். இளம் அலுவலர் இரண்டு மொழிகளைக் கற்க வேண்டும். குறித்த காலங்களில் தேர்வுக்கு உட்பட வேண்டும். தேர்ச்சிக்கு ஏற்பவே படித்தொகை உயரும்.

ஆங்கில இளைஞரேயன்றி இந்நாட்டு மாணவரும் இப்பள்ளியில் பயின்றனர். அவருள் சிலர் மொழியாசிரியராதற்கும், சிலர் நீதிமன்றங்களில் சட்ட அலுவலராதற்கும் பயிற்சி பெற்றனர். ஆசிரியரையே உருவாக்கும் பள்ளியாகவும் இது விளங்கியமை இதனால் பெறப்படும்.

இனி, பாடநூல் குறையை நோக்குவோம். நம் இலக்கண நூல்கள் செய்யுளில் அமைந்தவை. தமிழைத் தாய்மொழியாக உடையார்க்கே ஆசிரியர் துணையின்றி விளங்காதவை. வேற்றுநாட்டு இளைஞர்க்கு அவை எவ்வாறு பயன்படும்? இக்குறையை நீக்கக் கல்லூரி தனக்கென அச்சகம் அமைத்து நூல்களை வெளியிட்டது. வீரமாமுனிவர் இலத்தீன் மொழியில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1813-இல் அச்சேறியது. அவர்தம் சதுரகராதி 1824-இல் முழுமையாக வெளிவந்தது. தாண்டவராய முதலியார் மராத்தியினின்று மொழிபெயர்த்த பஞ்சதந்திரக் கதை 1826-இல் வெளிவந்தது. அயலார்க்குப் பாடமாக எழுந்த உரைநடை பின்னர்த் தமிழ் மாணவர்க்கும் பாடமாயிற்று.

எனினும், இப்பள்ளியின் தலைசிறந்த பயன் வேறொன்றாம். தமிழ்ப் புலவரும் தெலுங்குப் புலவரும் வடமொழி வல்லாரும் ஓரிடத்தே பணிபுரிந்தமையால் மொழிகளை ஒப்புநோக்கும் வாய்ப்பு இயல்பாகவே அமைந்தது. பட்டாபிராம சாத்திரியார் தெலுங்கு வேர்ச்சொற்களைத் தொகுத்தார். அத்தொகுப்பைத் துணைக்கொண்டு, தெலுங்கு வடமொழியினின்று பிறந்ததன்று, தமிழும் கன்னடமும் சார்ந்த தனிக்குடும்பத்தைச் சேர்ந்தது என எல்லிசு நிறுவினார். காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைக் குறிப்பாக 1816-இல் இக்கருத்து வெளிவந்தது. கால்டுவெல்லாரின் ஒப்பிலக்கணம் தோன்றியதோ 1856-இல். இடைப்பட்ட காலம் நாற்பதாண்டு.

முந்தியது ஏன் மறைந்தது? 1819-இல் எல்லிசு இராமநாதபுரத்தில் காலமானார். அவர் எழுதிவைத்த தாள்களுள் பெரும்பகுதி பேணுவாரின்றி அழிந்தது. ஓர் இலக்கண நூலின் முகப்பில் நின்ற குறிப்பைக் கண்டோர் சிலரே. கால்டுவெல்லாரின் பெருமை இதனாற் குறைவதன்று. விரிந்த சான்றுகளால் திராவிட மொழியியலை நிலைநிறுத்தியவர் அவரே. ஆனால், அடித்தளமிட்டாரை மறத்தல் வரலாற்று நெறியாகாது.

1854-இல் கல்லூரி கலைக்கப்பட்டுத் தேர்வுக் குழு ஒன்று அதன் இடத்தைப் பெற்றது. நுங்கம்பாக்கத்துக் கல்லூரிச் சாலை இன்றும் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எல்லிசின் பெயரை ஆய்வாளர் மீட்டுள்ளனர். இளைஞர்க்கு நாள்தோறும் எழுத்தும் சொல்லும் உணர்த்திய ஆசிரியருள் பலருடைய பெயரோ அறிஞருலகில் வழங்கவில்லை. ஆள்வோரின் தேவைக்கெனத் தோன்றிய பள்ளி ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது அவர்தம் புலமையாலேயாம். திராவிட மொழியாராய்ச்சியின் வரலாற்றை எழுதப்புகுவோர் அப்புலவர்க்கும் அதில் உரிய இடமளித்தல் கடனாகும்.