மென்பிளாஸ்டிக் இரை: கடல் தூண்டிலில் கோக்கும் முறைகளின் வரலாறு

மீன், இறால், புழு, விலாங்கு ஆகியவற்றின் உருவில் வளையும் பிளாஸ்டிக்கால் வார்க்கப்படும் போலி இரையே மென்பிளாஸ்டிக் இரை. தூண்டில்காரர்கள் இதைச் 'சாஃப்ட் பிளாஸ்டிக்' என்றே சொல்கிறார்கள். மரத்திலோ கடினப் பிளாஸ்டிக்கிலோ செய்த போலி இரைகளில் தூண்டில் முள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். மென்பிளாஸ்டிக் இரைக்குப் பெரும்பாலும் முள்ளே இருக்காது. பாக்கெட்டைப் பிரிப்பவர் தாமே முள்ளையும் எடையையும் தேர்ந்து கோத்துக்கொள்ள வேண்டும். கோக்கும் விதத்துக்கேற்ப, ஒரே வார்ப்பு தரையில் துள்ளும், நடுநீரில் நீந்தும், கடற்புல்லின் மேல் சிக்காமல் வழுக்கிச் செல்லும். இந்த இரை கடலுக்கு வந்த வரலாறு, ஒவ்வொரு கரையும் தன் தரைக்கும் தன் மீனுக்கும் ஏற்ற கோப்பு முறையைக் கண்டெடுத்த வரலாறாகவே அமைந்தது.

முன்னோடிகள்

சார்லஸ் குட்இயர் 1844இல் ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, நெகிழும் போலி இரைகள் சாத்தியமாயின. பிரிட்டனில் பொலாக் மீனுக்கு ரப்பர் விலாங்குகளை இழுத்தனர். அமெரிக்காவில் ரப்பர் குழாய்த் துண்டுகளுக்குள் முள்ளைச் செருகிப் படகின் பின்னால் இழுத்தனர். ரப்பர் வளைந்ததே தவிர மீனின் சதைபோல மென்மையாக இல்லை.

கோப்புக் கலையின் நேரடி மூதாதை உண்மையான விலாங்குதான். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பவர்கள், செத்த விலாங்கின் உடலுக்குள் நீண்ட ஊசியால் நூலைச் செலுத்தி, தலையருகே ஒரு முள்ளும் வால்பக்கம் ஒரு முள்ளும் வரும்படி கட்டினர். வாலைக் கடிக்கும் மீனும் தப்பாது. இந்த இரட்டை முள் பல பத்தாண்டுகளுக்குப் பின் பிளாஸ்டிக்கில் மறுபடி வந்தது.

அக்ரனில் தொடக்கம்

மென்பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் பி.வி.சி. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், ரப்பர் ஆலைகளுக்குப் பேர்போன அக்ரன் நகரில், பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தின் வேதியியலாளர் வால்டோ செமன் 1926இல் அதை இளக்கி நெகிழவைக்கும் வழியைக் கண்டார். அதே நகரில் 1949இல் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டுச் சமையலறை அடுப்பில் வினைல், எண்ணெய், நிறமி ஆகியவற்றைக் காய்ச்சி, அச்சில் ஊற்றிப் புழு வார்த்தனர். 1951இல் ஐந்து புழு ஒரு டாலர் என்று தபாலில் விற்கத் தொடங்கினர். ஆரம்பகாலப் புழுக்கள் முள், மணி, சிறு காற்றாடி எல்லாம் கட்டப்பட்டே வந்தன. கோப்பு இன்னும் வாங்குபவர் கைக்கு வரவில்லை.

கிரீம் நிறுவனம் பின்னர் டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகருக்கு இடம்பெயர்ந்தது. அந்த வட்டாரத்து நீர்த்தேக்கங்களில் மூழ்கிய மரங்கள் ஏராளம். வெளியே தெரியும் முள் எறிந்த இடத்திலெல்லாம் மாட்டிக்கொண்டது. 1960களில் அங்கே உருவானதுதான் டெக்சஸ் ரிக். முள்முனையை மூக்கில் சிறிது குத்திக் கீழ்ப்புறம் வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, முனையை மறுபடி உடலுக்குள்ளேயே புதைத்துவிடுவார்கள். தூண்டில் நரம்பில் ஓடும் கூம்பு வடிவ ஈயக்குண்டு முன்னால் செல்லும். மீன் கவ்வியதும் தூண்டிலைச் சுண்டும்போது முனை மென்சதையைக் கிழித்து வெளிவரும். நன்னீரில் பிறந்த இந்த உத்தி, பின்னர் கடற்புல்லும் சிப்பித் திட்டுகளும் நிறைந்த ஆழமற்ற கடலுக்குப் பெரிதும் பயன்பட்டது.

ஈயத் தலையும் மென்வாலும்

கடலில் முதலில் வேரூன்றியது ஜிக்ஹெட். முள்ளின் கண்ணருகே ஈயத்தை வார்த்துத் தலையாக்கிய அமைப்பு அது. நியூயார்க் பகுதியைச் சேர்ந்த அல் ரைன்ஃபெல்டரும் லூ பால்மாவும் 1960களில் தங்கள் பெயர்களைச் சேர்த்து 'அலூ' என்ற வணிகப் பெயரில் பிளாஸ்டிக் விலாங்குகளையும், ஈயத் தலையில் மென்வால் கோத்த 'பெய்ட் டெயில்' இரையையும் விற்றனர். ஓட்டத்தின் போக்கில் மெல்ல மிதந்து வரும் பெய்ட் டெயிலை ஸ்ட்ரைப்டு பாஸ் விரும்பிக் கவ்வியது.

ஜிக்ஹெட்டில் கோப்பது எளிது என்று தோன்றும். ஆனால் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் நேர்கின்றன. முள்ளை இரையின் பக்கவாட்டில் வைத்து, முனை எங்கே வெளிவர வேண்டும் என்று முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். மூக்கின் நடுவில் குத்தி, உடலின் மையத்தை விட்டு விலகாமல் செலுத்தி, குறித்த இடத்தில் முதுகின் நடுக்கோட்டில் முனையை எடுக்க வேண்டும். கோணினால் இழுக்கும்போது இரை சுழன்று நரம்பு முறுக்கிக்கொள்ளும். உடல் சுருங்கி மடிந்தால் வாலாட்டம் கெடும். தலைக்குப் பின்னுள்ள ஈய முள்மூக்கு, இரை வழுகி இறங்காமல் பிடித்துக்கொள்ளும். பலர் அங்கே ஒரு துளி உடனடிப் பசையும் வைப்பார்கள்.

கார்ன்வாலின் விலாங்கு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் வழி வேறாக இருந்தது. கார்ன்வால் கரையின் மேவாகிஸியில் அலெக்ஸ் இங்ராம் வடிவமைத்த 'ரெட் கில்', மணல் விலாங்கின் உருவம் கொண்டது. அதன் தட்டையான வால், மிக மெதுவாக இழுத்தாலும் துடிக்கும். தலையில் ஈயம் வைத்தால் அந்தத் துடிப்பு மட்டுப்படும் என்பதால், எடையை இரையிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஈயக்குண்டு நேரே கீழே இறங்கும். அதற்கு மேலே நீட்டிய குச்சியிலிருந்து 3 மீட்டருக்கும் மேல் நீண்ட தனி நரம்பில் இரை ஓட்டத்தில் அலையும். மூழ்கிய கப்பல்களின் மேல் குண்டைத் தரைவரை இறக்கி, சீராகச் சுற்றி ஏற்றுவார்கள். பொலாக் கவ்வியதும் தலைகீழாகப் பாயும்.

மெக்சிகோ வளைகுடா

மென்பிளாஸ்டிக் கடல் இரைகள் மிகுதியாகப் பெருகியது லூயிசியானா, டெக்சஸ், ஃபுளோரிடா கரைகளில். லூயிசியானாவின் 'மிஸ்டர் ட்விஸ்டர்' 1970களில் பரப்பிய சுருள்வால், எந்த வேகத்திலும் தானே ஆடியது. ஜிக்ஹெட்டை ஆட்டத் தெரியாதவருக்கும் மீன் கிடைத்தது. அதே மாநிலத்தின் எச் அண்டு எச் நிறுவனத்தின் 'கோகாஹோ மின்னோ' துடுப்பு வாலைப் பரப்பியது. வாலின் முனையில் குறுக்கே நிற்கும் தட்டு நீரைத் தள்ளும். அந்த அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டு உணர்வால் கலங்கலிலும் அறியும்.

ஃபுளோரிடாவின் ஸ்டூவர்ட் நகரில் மார்க் நிக்கல்ஸ் உருவாக்கிய 'டி.ஓ.ஏ. இறால்' வேறு திசையில் போனது. முள்ளும் வயிற்று எடையும் உள்ளேயே பொருத்தப்பட்ட இறால் அது. எறிந்தால் கிடைநிலை மாறாமல் மெல்ல அமிழும். வளைகுடாவில் இத்தகைய இறாலைச் சத்தமிடும் தக்கையின் கீழ் 45 முதல் 75 செ.மீ. நரம்பில் கட்டுவது வழக்கம். தூண்டிலைச் சுண்டினால் தக்கை 'பளக்' என்று நீரை அறையும். மேல்நீரில் இறாலை விழுங்கும் மீன்களின் ஓசை அது. ஸ்பெக்கிள்டு டிரவுட் அந்தச் சத்தத்தை நோக்கி வந்து, அடியில் தொங்கும் இறாலைக் காணும்.

ஃபுளோரிடாவின் புல்வெளிக் கடலில் ரெட் டிரம், ஸ்னூக் ஆகியவற்றைத் தேடுபவர்கள் டெக்சஸ் ரிக்கின் முன்குண்டை நீக்கி, எடையை முள்ளின் தண்டிலேயே ஏற்றினர். மூக்கில் திருகிப் பொருத்தும் கம்பிச் சுருள் கண்ணருகே சேர்க்கப்பட்டது. இரை கிழியாமல் பல மீன்களுக்குத் தாக்குப்பிடிக்க அது உதவியது.

இரட்டை முள் மீண்டும்

கனெக்டிகட் மாநிலத்தில் ஹெர்ப் ரீட் தொடங்கிய லங்கர் சிட்டி நிறுவனத்தின் 'ஸ்லக்-கோ', 1990ஐ ஒட்டி வந்தது. வாலாட்டமே இல்லாத நேரான உடல் அது. சுண்டினால் திசை தப்பி ஓடும், விட்டால் அடிபட்ட மீன்போலத் தளர்ந்து அமிழும். இதன் 9 அங்குல வடிவத்தை எடுத்துக்கொண்ட நியூ இங்கிலாந்து ஸ்ட்ரைப்டு பாஸ்காரர்கள், விலாங்கு கோத்த அதே நீண்ட ஊசியால் பின்னல் நூலை உள்ளே இழுத்து, முன்னும் பின்னும் முள் கட்டினர். எடை தேவைப்பட்டால் சிறு ஆணிபோன்ற ஈயத்தை உடலுக்குள் செருகினர்.

அதே காலத்தில் நரம்பும் மாறியது. 1990களில் வந்த பாலிஎத்திலீன் பின்னல் நரம்பு மெல்லியது, நீளாதது. ஜிக்ஹெட் தரையைத் தட்டுவதுகூடக் கையில் தெரிந்தது. உராய்வைத் தாங்க முனையில், ஜப்பானின் குரேஹா நிறுவனம் 1971இல் அறிமுகப்படுத்திய ஃபுளோரோகார்பன் நரம்பைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் நிலைபெற்றது. முடிச்சை இறுக்காமல் வளையமாக விட்டால் இரை தடையின்றி ஆடும்.

பிற கடல்கள்

ஆஸ்திரேலியாவில் ஸ்டீவ் ஸ்டார்லிங்கும் கை புஷ்ஷும் உருவாக்கிய 'ஸ்க்விட்ஜி' இரைகள் 2000களில் கழிமுக மீன்பிடிப்பை மாற்றின. மணலில் புதைந்து கிடக்கும் ஃப்ளாட்ஹெட் மீனுக்காக, ஜிக்ஹெட்டைத் தரையில் துள்ளவிட்டு நிறுத்துவது அங்கே முதற்பாடம். ஜப்பானியத் துறைமுகங்களில் அஜி மீனுக்கு இரவில் 1 கிராமோ அதற்கும் குறைவாகவோ எடையுள்ள ஜிக்ஹெட்டில் விரல்நீளப் புழுவைக் கோக்கிறார்கள். பிரான்சின் பிரித்தானி கரையில் பிறந்த 'பிளாக் மின்னோ'வில் தலையும் முள்ளும் மூட்டால் இணைகின்றன. முனை முதுகில் ஒட்டி மறைவதால் பாறைப் பாசியிடையே கடல்பாஸைத் தேட முடிகிறது. ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி எனப்படும் மீனே தமிழகக் கரையின் கொடுவா என்பதால், அதற்கான துடுப்புவால் முறைகள் நம் கழிமுகத் தூண்டில்காரர்களுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

பொருளும் சூழலும்

பி.வி.சி. துகளும் இளக்கியும் கலந்த குழம்பை 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். அதிகம் காய்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழும் என்பதால் வீட்டில் வார்ப்பதற்குக் காற்றோட்டம் கட்டாயம். இளக்கிகளில் தாலேட் வகை குறித்த கவலையால் மாற்று எண்ணெய்கள் வந்தன. பெர்க்லி நிறுவனம் 2000களில் நீர் அடிப்படையிலான, மட்கக்கூடிய 'கல்ப்' இரையைக் கொண்டுவந்தது. தென் கரோலினாவின் இசட்-மேன் நிறுவனம் பயன்படுத்தும் வேறு வகைப் பொருள், பலமடங்கு நீண்டும் கிழிவதில்லை. ஆனால் பி.வி.சி. இரையோடு ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். ஈயத்துக்கு மாற்றாக டங்ஸ்டன் வந்தது. டென்மார்க் ஈயத் தூண்டில் எடைகளைத் தடைசெய்தது.

முள்ளிலிருந்து கழன்ற பி.வி.சி. இரை நீரில் மட்குவதில்லை. அதை விழுங்கும் மீனின் வயிற்றில் அது தங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 2013இல் மென்பிளாஸ்டிக் இரைகளைத் தடைசெய்யக் கொண்டுவரப்பட்ட மசோதா, விவாதத்துக்குப் பின் ஆய்வாக மாற்றப்பட்டது. இரை நழுவாமல் காக்கும் திருகுச் சுருளும் ஈய முள்மூக்கும் பசையும் சிக்கனத்துக்காகத் தோன்றியவை. நீரில் விழும் பிளாஸ்டிக்கைக் குறைக்கும் எளிய வழிகளாகவும் இன்று அவையே உள்ளன.