வம்சாவளியில் தாயின் பெயர்

தியாகதுருகத்து மலைக்கோட்டையின் சரித்திரத்தை எழுதப் புகுவோர்க்குச் சாதனங்களில் குறைவில்லை. கர்நாடக தேசத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத காலத்தில் இரு திறத்தாரும் இக்கோட்டையை விரும்பினர் என்பதும், 1761-இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று என்பதும், 1790-இல் திப்பு சுல்தானுடைய சேனை வந்து தாக்கியபோது காப்டன் பிளிண்ட் என்பவர் அதனைக் காத்து நின்றார் என்பதும் நூல்களில் காணப்படுகின்றன. ஆனால் அம்மலையின் அடிவாரத்து வீதிகளில் எட்டும் பத்தும் மக்களைப் பெற்று, அவர்களுள் சிலரை மண்ணுக்கு ஈந்து, எஞ்சினோரை ஆளாக்கி மறைந்த குடும்ப மாதாக்களில் ஒருத்தியின் பெயரையேனும் கூறுக என்றால், எந்தப் புத்தகமும் வாய் திறவாது. கோட்டையைச் சிறிது காலம் காத்தவன் பெயர் நிலைத்தது. குடும்பத்தை ஐம்பது வருஷம் காத்தவள் பெயர் மறைந்தது.

இக்குறை நூலாசிரியர்களுடையது மாத்திரம் அன்று, நம்முடையதுமாகும். நம்மவர் இல்லங்களில் பேணப்படும் வம்சாவளிகளை எடுத்துப் பாருங்கள். பாட்டனார், பூட்டனார், அவர்க்கு முன்னோர் என ஆண்மக்கள் பெயர்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். அவர்களைப் பெற்றவர்களோ, 'இன்னாருடைய பத்தினி' என்ற அளவில் நின்றுவிடுவர். பல இடங்களில் அதுவும் இராது. ஆகவே தாய்மாரின் சரித்திரம் எவ்வாறு கிடைக்கிறது, கிடைத்தால் அதனால் நாம் அறிவது யாது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் நமது பழைய தென்னாற்காடு ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் கணக்கராயும் ஆசிரியராயும் விளங்கிய இராமையா பிள்ளை என்பவருக்கு ஆறாவது மனைவியாக வாய்த்தவர் சின்னம்மையார். முன் வாழ்க்கைப்பட்ட ஐவரும் மகப்பேறின்றியே காலமாயினர். சின்னம்மையார் இரு பெண்களும் மூன்று ஆண்களுமாக ஐவரைப் பெற்றார். அவர்களுள் கடைக்குட்டியாக 1823-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 5-ஆம் தேதி பிறந்தவரே, பின்னாளில் வடலூரில் தருமசாலை கண்டு பசித்தவர்க்கு அன்னமிட்ட ராமலிங்க அடிகளார். அக்குழந்தை பிறந்து சில மாதங்களுக்குள் தந்தையார் காலகதியடைந்தார். கைம்பெண்ணாகிய தாயார் ஐந்து மக்களுடன் பொன்னேரியை அடுத்த தம் பிறந்தகமாகிய சின்னக்காவணத்தை அடைந்து, பின்னர்ச் சென்னைக்குச் சென்றார். மூத்த குமாரர் சபாபதி பிள்ளை புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைத் தாங்கினார். அடிகளாரைப் பற்றி எழுதப்பட்டவை அளவிறந்தன. ஐந்து மக்களோடு ஊர்விட்டு ஊர் பெயர்ந்த அவ்வம்மையாரின் துயரத்தைப் பற்றியோ ஓரிரு வரிகளே உள. அவருக்கு முன் மறைந்த ஐந்து பத்தினிமாரோ பெரும்பாலும் ஓர் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

கல்வராயன் மலைக்கு அப்பால், அக்காலத்துச் சேலம் ஜில்லாவில், காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் வாழ்ந்தவர் அம்மணியம்மாள். அவர் கணவர் வெங்கடராம பிள்ளை போலீஸ் உத்தியோகத்தில் இருந்தவர். பெண்மக்களையே பெற்று வந்த அவ்வம்மையார், ஓர் ஆண்மகவு வேண்டி ராமேசுவரத்து இறைவனைப் பிரார்த்தித்தார் என்பர். 1888-இல் எட்டாவது மகவாகப் பிறந்த ஆண்குழந்தைக்கு அதனாலேயே ராமலிங்கம் என்று நாமம் சூட்டப்பட்டது. அவரே 1949-இல் சென்னை அரசாங்கத்தின் ஆஸ்தான கவிஞராக நியமனம் பெற்ற நாமக்கல் கவிஞர். அவரை அறியாத தமிழர் இலர். ஆயினும் அவருடைய தமக்கைமாரின் பெயர்களைக் கேட்டால், அறிந்து கூறுவோர் நம்முள் எத்துணை பேர்?

மூன்றாவது உதாரணம் கும்பகோணத்தைச் சேர்ந்தது. கணித மேதை ராமானுஜனுடைய தாயார் கோமளத்தம்மாளைப் பற்றி நாம் ஓரளவு விரிவாகவே அறிகிறோம். கணவர் ஜவுளிக்கடைக் குமாஸ்தா, வருவாய் சொற்பம். அம்மையார் கோயிலில் பஜனை பாடியும், வெளியூர் மாணாக்கர்க்கு வீட்டில் சோறிட்டும் பொருள் ஈட்டினார். 1887-இல் ராமானுஜன் பிறந்தபின் அடுத்தடுத்துப் பிறந்த மூன்று சிசுக்கள் கைக்குழந்தைகளாகவே இறந்தன. 1898-இலும் 1905-இலும் பிறந்த இரு குமாரர்கள் பிழைத்தனர். ஆறு பிரசவம், தங்கியவர் மூவர். அம்மூவருள் தலைமகனும் 1920-இல், தம் 32-ஆம் பிராயத்தில், தாயின் கண்முன்னேயே மறைந்தார்.

இம்மூன்று அம்மையாரும் நமக்குத் தெரிய வந்தது எவ்வாறு? மக்கள் புகழடைந்தமையாலன்றோ! மகனுடைய வாயில் வழியாகவே தாய் சரித்திரத்துள் புகுகிறாள். புகழடையாத மக்களைப் பெற்ற தாய்க்கு அவ்வாயிலும் அடைபட்டுவிடுகிறது.

கோமளத்தம்மாளுக்கு நேர்ந்தது அபூர்வமானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் சிசுக்களில் சுமார் 200 முதலாண்டு நிறைவதற்குள் இறந்தன. 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சமும், வாந்திபேதியும், வைசூரியும், 1918-இன் விஷஜ்வரமும் நம் ஜில்லாக்களை வாட்டின. 'பத்துப் பெற்றாள்' என்று நாம் பெருமையாகப் பேசும்பொழுது, அப்பத்தில் எத்தனை தொட்டிலோடு போயின என்பதையும் உடன் கூறுதல் நியாயம். 2020-ஆம் வருஷத்துக் கணக்கின்படி தமிழ்நாட்டில் அவ்வெண்ணிக்கை ஆயிரத்துக்கு 13 ஆகக் குறைந்தது. அம்மை குத்துதலும், ஆஸ்பத்திரிப் பிரசவமும், பெண்கல்வியும் சேர்ந்து செய்த உபகாரம் அது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை உண்டாகவே, பல பிள்ளை பெறும் வழக்கமும் ஓய்ந்தது. ஆகையால் பெருங்குடும்பத்துத் தாயின் சரித்திரம் இனி நம் நாட்டில் மீண்டும் நிகழக்கூடிய ஒன்றன்று. அதைக் கண்ணாற் கண்டவர்களும் மூப்படைந்துவிட்டனர்.

தியாகதுருகம் போன்ற புன்செய்ச் சீமையில் அத்தாயின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது? கோழி கூவுமுன் எழுந்து சாணி தெளித்துக் கோலமிட்டு, கிணற்றுநீர் சுமந்து, கம்பும் சோளமும் உரலிலிட்டுக் குத்தி, கூழ் காய்ச்சி, வயலுக்குச் சோறு கொண்டுபோய், மல்லாட்டைக் காலமானால் செடி பறித்தும் காய் உடைத்தும், இவ்வளவுக்கிடையில் இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக அவள் உழன்றாள். கடைசியில் சட்டியில் மிஞ்சியதே அவளுக்கு ஆகாரம். பிரசவத்துக்கு வந்து உதவினவள் பெரும்பாலும் நாவிதர் குலத்து மருத்துவச்சி. நம் குலத்துக் குழந்தைகளை ஏந்திய முதற்கை அவளுடையது. அவள் பெயரையும் நாம் குறித்து வைக்கவில்லை.

அத்தாய்க்கு உரிய சொத்து எது? நிலத்தில் அவளுக்குப் பாத்தியம் இல்லை. 1937-ஆம் வருஷத்துச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் ஆயுட்காலப் பாத்தியம் மட்டும் தந்தது. 1956-இல்தான் முழு உரிமை வந்தது. பூர்விகக் கூட்டுச் சொத்தில் பெண்மக்களுக்குச் சமபங்கு 1989-இல் நம் மாகாணத்துச் சட்டத்தினால் கிடைத்தது. அதற்குமுன் அவள் தனதென்று சொல்லக்கூடியவை, பிறந்தகத்தார் பூட்டிய நகையும் கொடுத்த பாத்திரமுமே. அந்நகையும் பலருக்குக் கழுத்தில் தங்கவில்லை. மகன் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு ஒன்று, மகள் கலியாணத்துக்கு ஒன்று, மழை பொய்த்த வருஷத்து விதைக்கு ஒன்று என அடகுக்கடைக்குப் போயிற்று. சங்கங்கள் கல்விநிதி திரட்டுமுன்னரே நமது சமூகத்தில் ஒரு கல்விநிதி இருந்தது. அது தாய்மார் காதிலும் கழுத்திலும் இருந்தது. அந்நிதிக்குக் கணக்குப் புஸ்தகம் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். தாயைத் தெய்வமென்று துதித்து, அவள் பட்ட கஷ்டத்தையே ஆபரணமாகக் காட்டுதல் தகாது. அக்கஷ்டத்தில் பாதி, தவிர்த்திருக்கக் கூடியது. பால்ய விவாகமும், ஓய்வில்லாத பிரசவமும், எழுத்தறிவின்மையும் விதியால் வந்தவை அல்ல. நம் முன்னோர் விதித்தவை. மேலும், பெருங்குடும்பங்களில் தாய்க்குத் துணையாகத் தம்பி தங்கையரை வளர்த்தவள் மூத்த மகள். தம்பி பள்ளிக்குப் போகத் தான் அடுப்படியில் நின்றவள் அவள். அவளுக்கு நாம் பட்டிருக்கும் கடனும் சேர்த்தே எழுதப்பட வேண்டும். அக்கடனைத் தீர்க்கும் வழி, இன்று நம் இல்லத்துப் பெண்கள் விரும்புமட்டும் படிக்க இடங்கொடுப்பதன்றி வேறில்லை.

அன்பர்காள்! செய்யத்தக்கது மிக எளிது. உங்கள் இல்லத்தில் எண்பது பிராயத்தைக் கடந்த பாட்டியோ பெரியம்மையோ அத்தையோ இருப்பின், இம்மாதமே அவரருகில் அமர்ந்து வினவுங்கள். அவருடைய தாயின் பெயர் யாது, பிறந்த ஊர் எது, எத்தனை வயதில் விவாகம், எத்தனை பிரசவம், தங்கினவர் எத்தனை பேர், இறந்த குழந்தைகளுக்கு என்ன பெயர் இட்டிருந்தார்கள், பிரசவம் பார்த்த மருத்துவச்சி யார், எந்த நகை எவருடைய படிப்புக்காக அடகு போயிற்று, அது மீண்டதா என்று கேளுங்கள். அவர் சொன்னபடியே, கூட்டாமலும் குறைக்காமலும் எழுதி, வம்சாவளியில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயரை முழுமையாகச் சேருங்கள். இனி அச்சிடப்படும் குடும்ப விவரப் பட்டிகளிலும் அவ்வாறே செய்தல் சங்கத்தாரின் கடமை.

மலைமேற் கோட்டையின் மதில் சிதைந்தாலும் அடுத்த தலைமுறை அதைக் கண்டு அறியக் கல்லேனும் எஞ்சும். பாட்டியின் ஞாபகம் அவரோடு போய்விட்டால் எஞ்சுவது யாதுமில்லை. கேட்க வேண்டியவர்கள் நாம்; சொல்லத்தக்கவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.