ரோமலின் படையை எதிர்கொண்ட நாமக்கல்காரர்



கொல்லிமலை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் வீரர் வல்வில் ஓரிதான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவர் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஆடிப்பெருக்கு வந்தால் மலையில் அவருக்கு அரசு விழாவே நடக்கும்.

ஆனால் இதே நாமக்கல் மாவட்டத்தில், மலைக்கு மேற்கே திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலத்தில் பிறந்த ஒருவர், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் படையை நேருக்கு நேர் எதிர்கொண்டார், பிற்பாடு இந்திய ராணுவத்துக்கே தலைமைத் தளபதி ஆனார் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் ஜெனரல் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். சுருக்கமாக பி.பி.குமாரமங்கலம்.

முதலில் எதிரியைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

இரண்டு போர் கண்ட ரோமல்

எர்வின் ரோமல் 1891-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைமில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். முதல் உலகப்போரில் சாதாரண இளம் அதிகாரி. 1917 அக்டோபரில் இத்தாலிய எல்லை மலைகளில் சிறு படையோடு பக்கவாட்டில் புகுந்து, சுமார் 9,000 இத்தாலியர்களைச் சிறைபிடித்தார். ஜெர்மனியின் மிக உயர்ந்த 'பூர் லெ மெரிட்' விருது கிடைத்தது. எதிரி எதிர்பார்க்காத பக்கம் போ, வேகமாகப் போ, அவன் சுதாரிப்பதற்குள் முடித்துவிடு. கடைசிவரை அவருடைய சூத்திரம் இதுதான்.

1939-ல் போலந்துப் போரின்போது ஹிட்லரின் பாதுகாப்புப் படைக்குத் தலைவர். 1940-ல் பிரான்ஸில் 7-வது பான்சர் டிவிஷனின் தளபதி. 1941 பிப்ரவரியில் லிபியாவில் வந்து இறங்கினார். 'பாலைவன நரி' என்ற பெயர் அங்கேதான் வந்தது. 1917-ல் அவர் சிறைபிடித்த அதே இத்தாலியர்கள் இப்போது அவருடைய கூட்டாளிகள்!

ஒரே வீடு, இரண்டு பாதை

குமாரமங்கலம் பிறந்தது 1913 ஜூலை 1. தந்தை டாக்டர் பி.சுப்பராயன் குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர். தாய் ராதாபாய் வட்டமேஜை மாநாட்டில் கலந்துகொண்டவர். மூத்த மகன் இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் படித்து, உல்விச் ராணுவ அகாடமியில் தேர்ச்சி பெற்று, 1933-ல் பீரங்கிப் படை அதிகாரி ஆனார்.

தம்பி மோகன் குமாரமங்கலமோ கம்யூனிஸ்ட். 1940-41-ல் சென்னை சதி வழக்கில் பி.ராமமூர்த்தி முதலியோருடன் கைது செய்யப்பட்டவர். தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட் இயக்கம்தான். ஒரு மகன் பிரிட்டிஷ் அரசரின் சீருடையில், இன்னொரு மகன் அதே அரசின் சிறையில்! அந்தக் காலத்து இந்தியாவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்தப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்ற கேள்வி அவர்களில் எத்தனையோ பேருக்கு இருந்திருக்கும்.

1942 மே 27

லிபியாவில் கடலோரத்து கஸாலாவிலிருந்து தெற்கே பாலைவனத்துக்குள் பிரிட்டிஷ் தரப்பு ஒரு நீண்ட தற்காப்பு வரிசை அமைத்திருந்தது. அதன் தென்கோடி பீர் ஹக்கீம். அங்கே சுதந்திர பிரெஞ்சுப் படை. அதற்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி 'பாயிண்ட் 171' என்ற வெட்டவெளி. 3-வது இந்திய மோட்டார் பிரிகேடு நின்றது அங்கேதான். மோட்டார் பிரிகேடு என்றால் டாங்கிப் படை இல்லை, லாரிகளில் போகும் படை. மூன்று குதிரைப்படை ரெஜிமெண்டுகளை குதிரையிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றியிருந்தார்கள். துணைக்கு 2-வது இந்திய பீல்டு ரெஜிமெண்டின் 25 பவுண்டர் பீரங்கிகள். அதில் ஒரு பேட்டரிக்குத் தலைவர் 28 வயது குமாரமங்கலம்.

மே 26 இரவு ரோமல் தன் பழைய சூத்திரத்தையே கையில் எடுத்தார். வரிசையை நேராக முட்டாமல் தெற்கே சுற்றி வந்தார். 27-ம் தேதி காலையில் அவர் தலைமையின் கீழ் இருந்த இத்தாலியின் அரியெட்டே டாங்கி டிவிஷன் இந்த பிரிகேடின் மீது மோதியது. லாரிப் படைக்கும் டாங்கிப் படைக்கும் என்ன போட்டி? பீரங்கிகளை நேர்குறி வைத்துச் சுட்டு டாங்கிகளை அடித்தார்கள். ஆனாலும் காலைப்பொழுது முடிவதற்குள் நிலை விழுந்துவிட்டது. நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், காயம்பட்டார்கள். ஏராளமானோர் சிறைப்பட்டார்கள்.

குமாரமங்கலத்துக்கு அந்தச் சண்டைக்காக டி.எஸ்.ஓ. விருது கிடைத்தது. தோற்ற சண்டைக்கு எதற்கு விருது?

நான் வணிகவியல் மாணவன், என் பாஷையில் சொல்கிறேன். ரோமலின் கணக்கில் மிகப்பெரிய செலவு பெட்ரோலும் நேரமும். எல்லாமே கப்பலில் வந்து, பிறகு லாரியில் பாலைவனம் தாண்டி வர வேண்டும். பெட்ரோலைக் கொண்டுவரவே பெட்ரோல் எரிக்க வேண்டும். பீர் ஹக்கீம் விழாததால் அவருடைய லாரிகள் தெற்கே வெகுதூரம் சுற்ற வேண்டியிருந்தது. இரண்டே நாளில் டாங்கிகளுக்கு எரிபொருள் தட்டுப்பாடு வந்துவிட்டது. பாயிண்ட் 171 மட்டுமே ரோமலை நிறுத்திவிடவில்லை. உண்மைதான். ஆனால் வேகத்தையே முதலாக வைத்து வியாபாரம் செய்கிறவனிடம், வழியில் நிற்கிற ஒவ்வொருவனும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முதலைக் கரைக்கிறான். ஜூலை 1-ல் எகிப்தின் டெயிர் எல் ஷெய்னில் 18-வது இந்திய பிரிகேடும் இப்படித்தான் அழிந்தது. ஆனால் ரோமலுக்கு ஒரு முழு நாளை நஷ்டமாக்கிவிட்டு அழிந்தது.

ஜூன் 21-ல் டோப்ரூக் விழுந்தது. மறுநாள் ரோமல் பீல்டு மார்ஷல். வாழ்க்கையின் உச்சம் அதுதான். அங்கிருந்து ஐந்து மாதத்துக்குள் எல் அலமீனில் தோற்றுப் பின்வாங்கினார். 1943 மே மாதம் டுனீஷியாவில் அவருக்குப் பின் வந்த ஜெனரல் ஆர்னிம் சரணடைந்தது இந்திய 4-வது டிவிஷனிடம்! ஹிட்லருக்கு எதிரான சதியில் தொடர்பு என்று சந்தேகிக்கப்பட்டு, 1944 அக்டோபர் 14-ல் ரோமல் விஷம் குடிக்க வைக்கப்பட்டார். இரண்டு உலகப்போர்களில் உழைத்தவருக்கு அவர் சேவித்த தலைவன் கொடுத்த கூலி அது.

சிறை முகாம் நண்பர்கள்

சிறைபிடிக்கப்பட்ட குமாரமங்கலம் இத்தாலியில் அவெஸானோ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே உடன் இருந்த இந்திய அதிகாரிகள் யார் தெரியுமா? யாஹ்யா கான், சாஹிப்சாதா யாகூப் கான்! யாகூப் கானும் குமாரமங்கலமும் முகாமிலிருந்து தப்பினார்கள். இத்தாலியக் கிராமத்து மக்கள் அவர்களை ஒளித்து வைத்துச் சோறு போட்டார்கள். ஆனாலும் மறுபடி பிடிபட்டு, போர் முடியும் கட்டம்வரை ஜெர்மனியில் சிறை இருந்தார்கள்.

1947-ல் நாடு பிரிந்தது, ராணுவமும் பிரிந்தது. 1965 போரின்போது குமாரமங்கலம் இந்திய ராணுவத்தின் துணைத் தலைமைத் தளபதி. 1966 ஜூன் மாதம் தலைமைத் தளபதி. அதே 1966-ல் எல்லைக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான் ராணுவத்தின் தலைமைக்கு வந்தவர் யாஹ்யா கான்! ஒரே முள்வேலிக்குள் ஒன்றாகப் பட்டினி கிடந்தவர்கள், கால் நூற்றாண்டுக்குள் எதிரெதிர் ராணுவங்களின் தலைவர்கள். யாகூப் கான் 1971-ல் டாக்காவில் மக்கள் மீது ராணுவத்தை ஏவ மறுத்துப் பதவி விலகினார்.

குமாரமங்கலத்தின் காலத்தில்தான் 1967-ல் நாதுலாவிலும் சோலாவிலும் சீனப்படையோடு மோதல் நடந்தது. 1962 போல அல்லாமல் இந்தியப் படை இம்முறை இடத்தை விட்டு நகரவில்லை. 1969 ஜூனில் பொறுப்பை மானெக்‌ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார். 1970-ல் பத்ம விபூஷண். 2000 மார்ச் 13-ல் மறைந்தார்.

இணையத்தில் ரோமலுக்கு ரசிகர்கள் ஏராளம். இருக்கட்டும், திறமைசாலிதான். ஆனால் அவர் திறமை யாருக்குச் சேவை செய்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர் வழியில் லாரியோடு நின்றவர்களையும் படிக்க வேண்டும். ஓரியும் கடைசியில் மலையமான் திருமுடிக்காரியிடம் தோற்றவர்தான், கொல்லிமலை சேரன் கைக்குப் போய்விட்டது. ஆனாலும் இரண்டாயிரம் வருடமாக அவரைக் கொண்டாடுகிறோம். ஜெயித்தவனை மட்டும்தான் நினைவு வைத்திருப்போம் என்ற பழக்கம் இந்த மண்ணில் இல்லை நண்பர்களே.