ரோச் லைற்றை எப்பிடி மதிப்பிடுறது? பற்றரிப் பக்கத்தால ஒரு வரலாறு

பொக்கற்றுக்குள்ள வைக்கிற சின்ன ரோச் லைற் ஒண்டு வாங்கப் போனால் பெட்டியில் முதல் கண்ணில படுறது லூமன் கணக்குத்தான். 1000, 2000 எண்டு போட்டிருக்கும், மலிவான சிலதில 10000 எண்டும் கூசாமல் போட்டிருக்கும். கடைக்காரரும் அதைத்தான் சொல்லுவார், யூடியூப்பில விமர்சனம் செய்யிறவையும் அதைத்தான் சொல்லுவினம். ஆனால் இந்தச் சாமானின் 125 வருசக் கதையைப் புரட்டிப் பாத்தால், மதிப்பிடத் தொடங்கவேண்டிய இடம் பற்றரி எண்டுதான் எங்களுக்குப் படுது. எங்கட வீட்டுப் பெரியாக்கள் இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே விளங்கி வச்சிருந்தவை.

பெயரில இருந்தே தொடங்கலாம். எங்கட பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகம் இதை 'மின்சூள்' எண்டு சொல்லித் தந்தது. சூள் எண்டால் ஓலையைக் கட்டிக் கொளுத்துற பந்தம். ஆங்கிலேயர் சொல்லுற 'ரோச்'சும் அதே பந்தம்தான். அமெரிக்கர் மட்டும் 'ஃபிளாஷ் லைற்' எண்டு வேற பெயர் வச்சினம். மின்னி மறையிற வெளிச்சம்! அது வடிவுக்கு வச்ச பெயர் இல்லை, அந்தக் காலத்து ரோச்சின் குறைபாட்டைச் சொல்லுற பெயர்.

1860களில் வந்த லெக்லாஞ்சே மின்கலம் கண்ணாடிச் சாடிக்குள்ள நவச்சாரக் கரைசலை ஊத்தி வைக்கிற ஒண்டு. சரிச்சால் ஊத்துப்படும், பொக்கற்றுக்குள்ள வைக்கிறதை நினைச்சும் பாக்க ஏலாது. ஜேர்மனியைச் சேர்ந்த கார்ல் காஸ்னர் 1880களில் அந்தக் கரைசலைப் பசையாக்கி நாகக் குவளைக்குள்ள அடைச்சார். உலர் மின்கலம் அப்பிடித்தான் வந்தது. அது வந்த பிறகுதான் கையில பிடிக்கிற மின்விளக்கைப் பற்றி யோசிக்கவே முடிஞ்சது. 1899 ஜனவரி 10ஆம் திகதி, நியூயோர்க்கில் இருந்த டேவிட் மிசெல் எண்ட ஆங்கிலேயருக்குக் குழாய் வடிவ ரோச்சுக்கான காப்புரிமை கிடைச்சது. அந்த உரிமை போய்ச் சேர்ந்த கொம்பனி கொன்ராட் ஹியூபேர்ட்டின்ரது. இவர் ரஷ்யப் பேரரசில இருந்து குடிபெயர்ந்த யூதர், இயற்பெயர் அகிபா ஹொரோவிட்ஸ். பிறகு 'எவரெடி' எண்டு உலகம் முழுக்கத் தெரியவந்த பெயர் இவரின்ர கொம்பனியில இருந்துதான் வந்தது.

கடதாசிக் குழாய், உள்ள மூண்டு மின்கலம், முன்னுக்குக் காபன் இழை பல்ப், பித்தளைத் தெறிப்பான், இவ்வளவுதான் சாமான். காபன் இழை மின்னோட்டத்தைக் குடிச்சுத் தள்ளும், மின்கலமோ கொஞ்ச நேரத்தில களைச்சுப் போகும். ஆகவே தொடர்ந்து எரிக்க ஏலாது. ஒருக்கா அமத்தி, பாத்து, விட்டிட வேணும். ஹியூபேர்ட் கொஞ்ச ரோச்சை நியூயோர்க் பொலிசுக்கு இலவசமாக் குடுத்து, அவையின்ர பாராட்டை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார். (இண்டைக்கு யூடியூப்பர்களுக்கு இனாமா சாமான் அனுப்புற வேலைதான், ஆள் கொஞ்சம் முந்திட்டார்.) 1910 அளவில ரங்ஸ்ரன் இழை வந்து பல்ப்பின் பசி குறைஞ்ச பிறகுதான் ரோச் உண்மையில பாவிக்கக்கூடிய சாமானாச்சுது. 1914இல் நஷனல் காபன் கொம்பனி ஹியூபேர்ட்டின் கொம்பனியை முழுசா வாங்கினது. வாங்கினவை பற்றரி செய்யிறவை எண்டதைக் கவனியுங்கோ.

யுத்தம் வந்தால் இந்த உண்மை இன்னும் வெளிப்படையாத் தெரியும். 1939இல் பிரித்தானியாவில இரவில ஊரையே இருட்டாக்கி வச்ச நேரம், ரோச் கண்ணாடியை ரிஷு கடதாசியால மூடி, நிலத்தைப் பாத்துப் பிடிக்கச் சொன்னவை. சனத்திட்ட ரோச் இருந்தது, அதுக்குப் போடுற 8ஆம் நம்பர் பற்றரிக்குத்தான் தட்டுப்பாடு. ஜேர்மனியர் பிடிச்சு வச்சிருந்த நெதர்லாந்தில பிலிப்ஸ் செய்த கை ரோச்சுக்குப் பற்றரியே இல்லை. பிடியை அமத்தி அமத்தி விட்டால் உள்ளுக்கிருக்கிற டைனமோ சுத்தும், பல்ப் எரியும்.

டைனமோ எண்டதும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையளுக்கு வேற ஒண்டு ஞாபகம் வந்திருக்கும். 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கினதோட அங்க கரண்ட் நிண்டது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, உரம் எண்டதோட பற்றரியும் இருந்தது. வோக்கி ரோக்கிக்கும் கண்ணிவெடிக்கும் போயிடும் எண்டது அதுக்குச் சொன்ன காரணம். ஆனால் அந்த 1.5 வோல்ற் பென்ரோச் பற்றரிதான் ஒரு வீட்டின்ர ரோச்சும் ரேடியோவும். ரோச்சைத் தடை செய்யவேண்டிய தேவையே இருக்கேல்லை. பற்றரி இல்லாட்டி அது வெறும் தகரக் குழாய்தானே.

சனம் செய்ததை நாங்கள் கேட்டு வளர்ந்திருக்கிறம். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில படிச்சவை. சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோ போட்டு பிபிசி தமிழோசை கேட்டவை. செத்த பற்றரியை வெயில்ல காயவிட்டும், ஓட்டை போட்டு உப்புத்தண்ணி விட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உயிர் குடுத்தவை. இது மூடநம்பிக்கை இல்லை. நாக-காபன் மின்கலத்துக்குள்ள பசை காய்ஞ்சு போனால் கொஞ்ச ஈரம் அதைத் திரும்ப வேலை செய்யவைக்கும், சூடு பட்டால் உள்ளுக்குத் தாக்கம் கொஞ்சம் வேகமாகும். காஸ்னர் அடைச்ச பசையை எங்கட ஆக்கள் திரும்ப நனைச்சிருக்கினம். இதுக்கு நடுவில வெளிச்சமே ஆபத்தான இரவுகளும் இருந்தன. ஹெலிச் சத்தம் கேட்டால் விளக்கை நூக்கிறது, கிளாலிக் கடலை இருட்டுக்குள்ளயே படகில கடக்கிறது. வன்னியில இந்தத் தடை 2002 வரைக்கும் நீண்டது.

அதுக்குப் பிறகு பல்ப்பே மாறிப்போச்சு. 1990களில் நீல எல்இடியும் அதில இருந்து வெள்ளை எல்இடியும் வந்தன. நீலத்தைச் செய்த அகசாகி, அமானோ, நகமுரா மூண்டு பேருக்கும் 2014இல் நோபல் பரிசு. லிதியம் அயன் பற்றரிக்காரருக்கு 2019இல். ரெண்டும் சேர்ந்துதான் விரல் அளவு ரோச்சுக்குள்ள 1000 லூமன் வந்தது.

ஆனால் அந்த 1000 எவ்வளவு நேரத்துக்கு? 2009இல் அமெரிக்காவில வந்த எஃப்எல்1 எண்ட நியமப்படி, வெளிச்சத்தின் அளவை ரோச் போட்டு முதல் ரெண்டு நிமிசத்துக்குள்ள எடுப்பினம். எரியிற நேரத்தையோ, வெளிச்சம் தொடக்கத்தின் 10 வீதமாக் குறையும் வரைக்கும் எண்ணுவினம். கைக்கடக்கமான ரோச் கெதியாச் சூடாகிறதால கொஞ்ச நிமிசத்தில தானாவே வெளிச்சத்தைக் குறைச்சுப்போடும். ஆகவே பெட்டியில இருக்கிற '1000 லூமன், 3 மணித்தியாலம்' எண்டது ரெண்டு வேற கணக்கு, சேர்த்து வாசிக்கக் கூடாது. 10000 எண்டு போட்ட பெட்டியில எந்த நியமத்தின் பெயரும் இல்லாட்டி அதை வச்சிட்டு வாங்கோ.

2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினவங்கள். போன் லைற் இருக்குத்தானே எண்டு சொன்ன ஆக்களுக்குப் பின்னேரத்தோட போனும் செத்தது. அண்டைக்கு வேண்டியிருந்தது படிக்கிறதுக்கும் படியிறங்கிறதுக்கும் காணுமான ஒரு 20, 30 லூமன், இரவு முழுக்க. யூஎஸ்பியில சார்ஜ் பண்ணுற, பற்றரி கழட்ட ஏலாத ரோச் அண்டைக்குப் போனோட சேர்ந்து வரிசையில நிண்டிருக்கும்.

அதால எங்கட தெரிவு, ஒரு பென்ரோச் பற்றரியில எரியிற சின்ன எல்இடி ரோச், குறைஞ்ச வெளிச்சத்துக்குத் தனி நிலை இருக்க வேணும். மூலைக்கடையிலயே பற்றரி வாங்கலாம், திரும்பச் சார்ஜ் பண்ணுற நிக்கல் பற்றரியும் அதுக்குள்ளயே போகும். 18650 மாதிரி லிதியம் பற்றரி கூடச் சக்தி வச்சிருக்கும் எண்டது உண்மைதான், ஆனால் அது முடிஞ்சால் எங்கட ஊர்க் கடையில மாற்று எடுக்கிறது கஷ்டம். அல்கலைன் போட்டால் மாதக்கணக்காப் பாவிக்காமல் விடாதேங்கோ, ஒழுகி உள்ளுக்கிருக்கிற சுருளை அரிச்சுப்போடும். கழட்டி ஒரு கடதாசியில சுத்தி ரோச்சுக்குப் பக்கத்திலயே வைக்கிறது நல்லம்.