வளையத்தைச் சுற்றிச் சென்ற காற்று

எஞ்சின் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கிறதோ அவ்வளவுக்கே எரிபொருளை எரிக்க முடியும். அகன்ற உறிஞ்சு குழாய்களும் புதுவகைக் காற்று வடிகட்டிகளும் இந்த உண்மையைச் சொல்லியே விற்கப்படுகின்றன. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு 1995-ஆம் ஆண்டின் உலக ராலி பந்தயமே சாட்சி.

கார்களின் ஆற்றலைக் கட்டுப்படுத்த, டர்போவின் முன்னே பொருத்தும் வளையத்தின் துளையை 38 மில்லிமீட்டரிலிருந்து 34 ஆகக் குறைத்திருந்தது சர்வதேச மோட்டார் சம்மேளனம். அக்டோபரில், கத்தலோனியா ராலியின்போது, டொயோட்டா அணியின் செலிகா கார்களில் ஒரு தந்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய்க் கவ்வியை இறுக்கினால் வளையம் சுமார் 5 மில்லிமீட்டர் விலகும். காற்று அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே புகும். சோதனைக்காகக் கழற்றினாலோ, சுருள்வில்கள் அதைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். சம்மேளனத் தலைவர் மாக்ஸ் மோஸ்லியே அதன் நுட்பத்தை வியந்தார். எனினும் அணியின் புள்ளிகள் பறிக்கப்பட்டன. ஓராண்டுத் தடையும் விதிக்கப்பட்டது.

ஒரு பெரும் நிறுவனம் தன் பெயரையே பணயம் வைத்ததன் காரணம் எளியது: காற்றுப் பாதையின் மிகக் குறுகிய இடம் அந்த வளையம்தான். சாலையில் ஓடும் சாதாரணக் காரில் அத்தகைய வளையம் இல்லை. தூய்மையான மூல வடிகட்டியே பெரும்பாலும் போதிய காற்றை விட்டுவிடுகிறது. குறுகல் த்ராட்டிலிலும் வால்வுகளிலும் இருக்கிறது. திறந்த வடிகட்டி பானெட்டுக்குள்ளிருக்கும் வெப்பக் காற்றை இழுத்தால், அடர்த்தி குறைந்து ஆற்றல் குறையவும் கூடும். குறுகல் இல்லாத இடத்தை அகலப்படுத்துகிறவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஓசையே.