திண்ணையிலிருந்து டியூஷன் வரை

எங்க ஊர் செஞ்சி. கோட்டை ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம், வெளியூர்க்காரர்கள் ராஜகிரியைத் தேடி வருகிறார்கள். நான் சொல்லப்போவது கோட்டையைப் பற்றி இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊருக்குள் நடந்து பாருங்கள். சில வீட்டு வாசல்களில் குட்டிக் குட்டிச் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே டியூஷன்!

நானும் அப்படிச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனவன்தான். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் டியூஷன். என்கூட வந்த ஒருத்தன் ஃபீஸ் கட்ட முடியாமல் இரண்டாவது மாசமே நின்றுவிட்டான். என்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவான். இன்று நான் பி.காம். படிக்கிறேன், அவன் நெல் மண்டியில் மூட்டைக் கணக்கு எழுதுகிறான்.

"எங்க காலத்துல டியூஷன் எல்லாம் ஏதுப்பா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர்கள் காலத்துக்கும் முன்னால் போய்ப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கச் சொன்னார். செஞ்சி அப்போது தென் ஆற்காடு மாவட்டம். 1826-ல் மன்றோ எழுதிய குறிப்பின்படி மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். சென்னை நகரத்தில் மட்டும் பள்ளிக்குப் போகிறவர்களைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 26 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், வீட்டிலேயே படிப்பதாகக் கலெக்டர் கணக்கு கொடுத்தார். இந்த எண்ணில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். ஆனாலும் உறவினரோ தனி வாத்தியாரோ வீட்டில் சொல்லிக்கொடுப்பது நாடெங்கும் இருந்த பழக்கம்தான் என்று எழுதியிருக்கிறார். ஆக, இருநூறு வருஷத்துக்கு முன்பே டியூஷன் இருந்தது!

யோசித்துப் பார்த்தால் அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடமே ஒரு டியூஷன்தான். ஒரே ஒரு வாத்தியார். இடம் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. சம்பளம் பெற்றோர் தரும் காசு, நெல். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கிவந்து வாத்தியாரிடம் கொடுப்பார்கள். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். கூட்டத்தை மேய்க்க ஒரு சட்டாம்பிள்ளை.

பல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-ல் எழுதிய அறிக்கையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவது வருபவனுக்கு ஒரு சுழி. மூன்றாவது ஆளுக்கு ஒரு அடி, நாலாவது ஆளுக்கு இரண்டு அடி... கடைசியில் வந்தவன் கதியை நினைத்துக்கொள்ளுங்கள் :-)

வணிகவியல் மாணவனான எனக்குப் பிடித்தது அவர்களுடைய பாடத்திட்டம். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து. பணத்துக்கு ஒன்று, நெல்லை அளக்க ஒன்று, நிலத்தை அளக்க ஒன்று. ஒன்றை 20-ஆகப் பிரித்தால் மா, 80-ஆகப் பிரித்தால் காணி, 320-ஆகப் பிரித்தால் முந்திரி. இத்தனையும் மனப்பாடம். படித்து முடித்தவன் நேராகக் களத்துமேட்டிலோ கடையிலோ உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த 1,88,650 பேரில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். தலித் பிள்ளைகளைப் பெரும்பாலும் திண்ணைப் பக்கமே விடவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளை மாடு மேய்த்தது.

பிறகு 1854-ல் உட் அறிக்கை வந்தது. அரசு மானியம் வேண்டுமென்றால் அரசு விதிப்படி பள்ளி நடக்க வேண்டும். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகமும் மெட்ரிகுலேஷன் பரீட்சையும் வந்தன. அரசாங்க வேலைக்குப் பரீட்சைச் சான்றிதழ் முக்கியமானது. சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், கேள்வித்தாள் எடுப்பவர் முகம் தெரியாத இன்னொருவர் என்று ஆனது. இப்போதைய டியூஷன் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது என்பது என் கருத்து. 1978-ல் பிளஸ் டூ வந்தபோது இன்னொரு பொதுத்தேர்வு சேர்ந்தது, டியூஷனுக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது.

பள்ளி ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுக்கக்கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் போட்டால் தேவை போய்விடுமா? கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க விழா எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, சாயங்கால வகுப்பு, தெருவிலேயே ஒரு தன்னார்வலர், பிள்ளைகளுக்குக் காசில்லை. சுருக்கமாகச் சொன்னால் கட்டணம் இல்லாத திண்ணை! அதற்கு எட்டாம் வகுப்போடு நிற்காமல் பிளஸ் டூ வரை ஒரு வடிவம் இருந்திருந்தால் என் நண்பன் இன்று என்கூடக் கல்லூரிப் பேருந்தில் வந்திருப்பான்.

போன மாசம் அவனைப் பார்க்க மண்டிக்குப் போனேன். எடை, விலை, தரகு, கூலி எல்லாவற்றையும் பேப்பர் இல்லாமல் மனசிலேயே கூட்டிச் சொன்னான். நான் செல்போனை எடுத்து கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்...

உங்கள் ஊரிலும் இப்படி டியூஷனில் பாதியில் நின்றவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள்.