அலையேறும் உரிமை

கடலில் விளையாட யாருக்கு உரிமை என்ற கேள்விக்கு அமெரிக்காவில் நிறம் விடை சொன்னது. சோழமண்டலக் கரையில் தொழில் விடை சொன்னது. அலைச்சறுக்கின் வரலாற்றை இந்த இரண்டு கரைகளிலும் வைத்துப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவின் சான்டா மோனிகாவில், பே தெரு முடியும் இடத்துக் கடற்கரைத் துண்டு ஒன்றே கறுப்பினத்தவர் ஓரளவு நிம்மதியாகக் குளிக்கக்கூடிய இடமாக இருந்தது. வெள்ளையர் அதை ஏளனமாக ‘மைக்கூடு’ என்றார்கள். தெற்கே மன்ஹாட்டன் பீச்சில் 1912-இல் நிலம் வாங்கி, கறுப்பினத்தவருக்காக விடுதி நடத்தியது புரூஸ் தம்பதி. 1924-இல் பூங்கா அமைக்கப் போவதாகச் சொல்லி நகராட்சி அதைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கியது. அந்த நிலம் வாரிசுகளின் கைக்குத் திரும்ப 2022 ஆயிற்று.

மைக்கூட்டில் அலையேறக் கற்றவர் நிக் கபால்டன். நல்ல அலைக்கு மாலிபு போக வேண்டும். அவர் பலகையில் படுத்துக் கைகளால் துழாவியபடியே கடல்வழியாகச் சுமார் 12 மைல் போனார். 1951 ஜூனில் மாலிபு படகுத்துறைப் பாலத்தின் தூணில் மோதி இறந்தபோது அவருக்கு வயது 24. பதிவான முதல் கறுப்பின அலையேறிகளில் ஒருவர் அவர். ஆனாலும் தனி ஆள்.

தனி ஆட்கள் கூட்டமானது 1970-களில். தன்னைப் போன்ற கறுப்பின அலையேறிகள் வேறு எங்காவது இருக்கிறார்களா என்று கேட்டு, டோனி கோர்லி அலைச்சறுக்கு இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1975-இல் கறுப்பின அலையேறிகள் சங்கம் உருவானது. விளையாட்டுச் சங்கங்கள் பெரும்பாலும் போட்டி நடத்தப் பிறப்பவை. இது துணை தேடிப் பிறந்தது.

சோழமண்டலக் கரையில், மரக்காணத்தை அடுத்த அனுமந்தைப் பக்கம் நிலைமை வேறு. உப்பளத்திலும் கடலிலும் ஆண்டு முழுக்க வெயிலில் நிற்கும் மக்களை ‘வெளிப்புற ஆர்வலர்’ என்று எவரும் அழைப்பதில்லை. இந்தக் கரை மீனவருக்கு வடக்கிலிருந்து வரும் நீரோட்டம் வன்னி, தெற்கிலிருந்து வருவது தெண்டி. உடையும் அலையில் கட்டுமரத்தை ஏற்றி இறக்குவது அவர்களுக்குப் பிழைப்பு.

அந்தத் திறமை விளையாட்டாக மாறியது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே, சென்னையை ஒட்டிய கோவளத்தில். மீனவர் குடும்பத்து மூர்த்தி மேகவன் வெளிநாட்டுப் பயணி ஒருவரின் பலகையை வாங்கி அலையேறிப் பார்த்தவர். 2012-இல் தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு அங்கே சமூக அலைச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை. குடியும் புகையும் கூடாது என்பது நிபந்தனை. கற்றவர்களில் பலர் பயிற்றுநராகிச் சம்பாதித்தார்கள். கோர்லியைப் போல இவர்கள் துணை தேட வேண்டியிருக்கவில்லை. மாமன் மச்சான்களாகவே குப்பம் இருந்தது. இல்லாதது பலகையும் அதை வாங்கக் காசும்தான்.

பெண்களின் கதைதான் தனி ஆளாக அலையேறிய கபால்டனுக்கு நெருக்கமானது. மீன் விற்பது பெண், கடலேறுவது ஆண் என்பது கரையோர வழக்கம். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி தரையில் ஓடும் சக்கரச் சறுக்குப் பலகையில் தொடங்கி அலைக்கு வந்த சிறுமி. அவரையும் தாயையும் பற்றிய ‘கமலி’ குறும்படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. 2025 ஆகஸ்டில் அதே மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது.

அனுமந்தைக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே தந்திராயன்குப்பத்திலும் அலைச்சறுக்கு வேரூன்றியது. அங்கே சிக்கல் நிறத்தாலோ தொழிலாலோ வந்ததல்ல. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகம் கட்டப்பட்ட பின், தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தடைபட்டு வடக்குக் கரை அரிக்கத் தொடங்கியது. தடுப்புக்குக் கல் கொட்டக் கொட்ட, அரிப்பு இன்னும் வடக்கே நகர்கிறது. படகு ஏற்ற மீனவருக்கும் பலகையோடு இறங்க இளைஞருக்கும் வேண்டியது ஒரே மணல்தான்.